சூரன் மயிலானான், பீகொக் என்னவானது?

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் பார்த்திருப்பீர்கள். சூரன் பெரிய தலையுடன் ஆடி ஆடி வருவான். முருகனின் வேல் பட்டு ஒவ்வொரு தலையாக மாறும். கடைசியில் சூரன் மாமரமாக நிற்பான். வேல் அந்த மரத்தை இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதி மயிலாகும், மறு பாதி சேவலாகும். மயிலை முருகன் வாகனமாக எடுத்துக்கொள்வார். சேவலைக் கொடியில் வைத்துக்கொள்வார். கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்தின் கதை இது.

பார்த்துவிட்டுப் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு கேள்வி வரலாம். தோற்ற எதிரியை ஏன் கூடவே வைத்திருக்க வேண்டும்? அது மன்னிப்பா? வெற்றியின் அடையாளமா? இரண்டுமா?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கப்பலின் கதையைக் கேளுங்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்கக் கடற்படை தான் தோற்கடித்த எதிரிக் கப்பல் ஒன்றின் பெயரைத் தன் புதுப் போர்க்கப்பலுக்கு வைத்தது. அந்தப் பெயர் ‘பீகொக்’. அதாவது மயில்.

அழகாக மினுக்கிய கப்பல்

முதலில் பிரித்தானியாவின் மயிலைப் பார்ப்போம். நெப்போலியனுடன் நடந்த நீண்ட போரில் பிரித்தானியக் கடற்படைக்கு ஏராளமான சிறிய கப்பல்கள் தேவைப்பட்டன. வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக, செய்தி கொண்டுபோக, எதிரியின் சிறு கப்பல்களைத் துரத்த என்று எல்லாவற்றுக்கும் அவைதான். இரண்டு பாய்மரம் கொண்ட ஒரே மாதிரியான கப்பல்களை நூற்றுக்கு மேல் கட்டினார்கள். இத்தனை கப்பல்களுக்கும் பெயர் வேண்டுமே! பெரிய கப்பல்களுக்கு ‘விக்டரி’ என்பது போன்ற கம்பீரமான பெயர்கள் போயின. சின்னக் கப்பல்கள் பலவற்றுக்குப் பறவைகளின் பெயர்கள் வந்தன. பெலிக்கன், ரேவன், கைட் என்று போன அந்த வரிசையில் 1806 இல் வந்தது பீகொக்.

இந்தக் கப்பலுக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. ‘உல்லாசப் படகு’ என்று சொல்வார்கள். அவ்வளவு சுத்தம், அவ்வளவு பளபளப்பு. பித்தளையெல்லாம் மினுங்கும். மயில் என்ற பெயருக்குப் பொருத்தம்தான். ஆனால் குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் அந்த அளவு அக்கறை இல்லை. இந்த வகைக் கப்பல்களுக்கு வழக்கமாக 32 இறாத்தல் எடையுள்ள குண்டை வீசும் குட்டைப் பீரங்கிகள் கொடுப்பார்கள். பீகொக்கில் அவற்றை எடுத்துவிட்டு 24 இறாத்தல் பீரங்கிகளை வைத்திருந்தார்கள்.

1812 ஜூனில் அமெரிக்கா பிரித்தானியாமீது போர் அறிவித்தது. முக்கியமான காரணங்களில் ஒன்று கடலில்தான் இருந்தது. பிரித்தானியக் கடற்படைக்கு ஆள் பற்றாக்குறை. அதனால் அவர்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களை நிறுத்தி, ஏறிச் சோதனை போட்டு, “நீ எங்கள் நாட்டவன்” என்று சொல்லி மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் உண்மையான அமெரிக்கர்கள்.

1813 பெப்ரவரி 24. இடம், தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் டெமராரா ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே. கடையில் டெமராரா சீனி என்ற பழுப்புச் சீனியைப் பார்த்திருப்பீர்கள். அந்த டெமராராதான். இன்று அது கயானா நாட்டில் இருக்கிறது. அன்று அங்கே ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அதே தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். சண்டைக் கப்பல்கள் காவல் காத்தது இந்தச் சீனி வியாபாரத்தை என்பதை மறக்கவேண்டாம்.

அன்று மாலை அமெரிக்கக் கப்பலான ‘ஹோர்னெட்’, அதாவது குளவி, பீகொக்கைச் சந்தித்தது. ஹோர்னெட்டின் கப்டன் ஜேம்ஸ் லோறன்ஸ். பீகொக்கின் தளபதி வில்லியம் பீக். சண்டை கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பீக் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். பீகொக் கொடியை இறக்கியது. உடனேயே ஆபத்துக்கு உதவி கேட்கும் அடையாளத்தையும் காட்டியது. கப்பல் தாழத் தொடங்கியிருந்தது.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. லோறன்ஸ் தன் ஆட்களைப் பீகொக்குக்கு அனுப்பினார். சற்று முன்வரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் இப்போது ஒன்றாக நின்று ஓட்டைகளை அடைத்தார்கள், தண்ணீரை இறைத்தார்கள், பாரம் குறையப் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். முடியவில்லை. இருட்டும் நேரத்தில் கப்பல் மூழ்கியது. பீகொக்கின் மாலுமிகளில் ஒன்பது பேரும், அவர்களைக் காப்பாற்றப் போன ஹோர்னெட்டின் மாலுமிகளில் மூன்று பேரும் சேர்ந்து இறந்தார்கள். அந்த இடத்தில் ஆழம் ஐந்தரைப் பாகம்தான், ஏறத்தாழ 10 மீற்றர். அதனால் கப்பல் அடியில் தட்டி நின்றபோது முன் பாய்மரத்தின் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருந்தது. அதில் தொற்றிக்கொண்ட நான்கு பேர் உயிர் தப்பினார்கள்.

கைதிகளாக வந்த பிரித்தானியர்களிடம் மாற்றுத் துணிகூட இல்லை. ஹோர்னெட்டின் மாலுமிகள் தங்கள் உடுப்புகளைப் பகிர்ந்து கொடுத்தார்கள். நியூயோர்க் வந்து சேர்ந்ததும் பீகொக்கின் அதிகாரிகள் லோறன்ஸுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

எதிரியின் பெயரில் புதுக் கப்பல்

அதே வருடம் நியூயோர்க்கில் ஆதம், நோவா பிறவுண் என்ற சகோதரர்கள் கடற்படைக்காக ஒரு கப்பலைக் கட்டினார்கள். 1813 செப்டெம்பர் 19 அன்று அது தண்ணீரில் இறங்கியது. அமெரிக்கக் கடற்படை அதற்கு வைத்த பெயர் ‘பீகொக்’.

இது தற்செயல் இல்லை. அதே காலத்தில் கட்டிய இன்னொரு கப்பலுக்கு ‘ஃபுறொலிக்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் அமெரிக்கர்கள் 1812 இல் தோற்கடித்த பிரித்தானியக் கப்பலின் பெயர்தான். “உன் கப்பலை நான் வென்றேன். இனி உன் பெயரும் என்னுடையது” என்பதுதான் செய்தி. பிரித்தானியர்களும் இதையே செய்தார்கள். 1815 ஜனவரியில் ‘பிறெசிடென்ற்’ என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்தார்கள். அது பழுதானதும் உடைத்தார்கள். பிறகு அதே அளவில், அதே வடிவத்தில் புதிதாக ஒன்று கட்டி, 1829 இல் அதற்கும் ‘பிறெசிடென்ற்’ என்றே பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் அரசர்தான் உண்டு, ஜனாதிபதி இல்லை. ஆனால் இன்றும் லண்டனில் டவர் பிறிட்ஜுக்குப் பக்கத்தில் பிரித்தானியக் கடற்படையின் ஒரு தளம் ‘பிறெசிடென்ற்’ என்ற பெயரில் இருக்கிறது.

லோறன்ஸ் தன் வெற்றியின் பெயரைத் தாங்கிய கப்பலைப் பார்க்கவில்லை. பொஸ்ரனுக்கு வெளியே 1813 ஜூன் 1 அன்று நடந்த வேறொரு சண்டையில் படுகாயப்பட்டு அவர் இறந்துவிட்டார். பீகொக்கை வென்றதற்கான தங்கப் பதக்கத்தை அமெரிக்க நாடாளுமன்றம் அவர் இறந்த பிறகுதான் அறிவித்தது.

புதுப் பீகொக்கின் தளபதி லூயிஸ் வொறிங்ரன். 1814 ஏப்ரல் கடைசியில் புளோரிடாவின் கனாவரல் முனைக்கு அருகே அது ‘எப்பேவியே’ என்ற பிரித்தானியக் கப்பலை மடக்கிப் பிடித்தது. எப்பேவியே என்பது பிரெஞ்சுச் சொல். தமிழில் வல்லூறு என்று சொல்லலாம். மயில் வல்லூறைப் பிடித்துவிட்டது! கப்பலில் ஒரு லட்சம் டொலருக்கு மேல் காசு இருந்தது. வல்லூறையும் அதே பெயரிலேயே அமெரிக்கக் கடற்படை சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெயர் நீடிக்கவில்லை. 1815 ஜூலையில் மத்தியதரைக் கடலிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட எப்பேவியே ஜிப்ரால்ரர் நீரிணையைத் தாண்டியது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. கப்பலில் இருந்த அத்தனை பேரும் அத்திலாந்திக்கில் மறைந்துபோனார்கள்.

சமாதானம் வந்த பிறகு

இனி வருவது பீகொக்கின் கதையில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி.

1814 டிசெம்பர் 24 அன்று கென்ற் நகரத்தில் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் செய்தன. 1815 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அன்று தொலைபேசி இல்லை, தந்திகூட இல்லை. பாய்க்கப்பல் போகும் வேகத்தில்தான் செய்தியும் போகும். அதனால் எந்தக் கடலில் எத்தனை நாளுக்குள் சண்டை நிற்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கெடு வைத்திருந்தார்கள். மிகத் தூரமான இடத்துக்கு 120 நாள்.

பீகொக் அப்போது இந்து சமுத்திரத்தைக் கடந்து சுந்தா நீரிணைக்குப் போயிருந்தது. ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவில் இருக்கும் கடல் வழி அது. 1815 ஜூன் 30 அன்று அங்கே ‘நோட்டிலஸ்’ என்ற சிறிய கப்பல் எதிர்ப்பட்டது. அது கிழக்கிந்தியக் கம்பனியின் பம்பாய்க் கடற்படையைச் சேர்ந்தது. 14 பீரங்கிகள் கொண்டது. பீகொக்கில் 22 பீரங்கிகள், அவையும் பெரியவை.

நோட்டிலஸின் தளபதி சார்ள்ஸ் பொய்ஸ் சமாதானம் வந்துவிட்டது என்று அறிவித்தார். 120 நாள் கெடுவும் அதற்குள் கடந்திருந்தது. வொறிங்ரன் நம்பவில்லை. தப்பிக்கச் செய்யும் தந்திரம் என்று நினைத்தார். “கொடியை இறக்கு” என்றார். பொய்ஸ் மறுத்தார். பீகொக் சுட்டது. கொஞ்ச நேரத்தில் நோட்டிலஸ் கொடியை இறக்கியது. பொய்ஸ் ஒரு காலை இழந்தார். பலர் இறந்தார்கள். மறுநாள் கரையிலிருந்து சமாதானத்துக்கான ஆதாரங்கள் வந்தன. வொறிங்ரன் கப்பலைத் திருப்பிக் கொடுத்தார். பின்னர் அமெரிக்காவில் நடந்த விசாரணையில் அவர்மீது குற்றம் காணவில்லை. 1812 போரின் கடைசிக் கடற்சண்டை என்று வரலாற்றுப் புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன.

நோட்டிலஸில் இறந்தவர்களிலும் காயப்பட்டவர்களிலும் லஸ்கர்கள் இருந்தார்கள். லஸ்கர் என்றால் பிரித்தானியக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமி. படை என்ற பொருள் கொண்ட பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். கம்பனியின் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களில் எடுத்த இந்த ஆட்களை நம்பித்தான் ஓடின. அமெரிக்க மாலுமிகளை யார் பிடித்துப்போவது என்பதில் தொடங்கிய போர் அது. அதற்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் போர் முடிந்து மாதங்கள் ஆன பிறகு, பூமியின் மறுபக்கத்தில், அவர்கள் செத்தார்கள்.

டெமராராவில் மூழ்கிய கப்பலின் தளபதி பெயரை நான் உங்களுக்குச் சொன்னேன். அவரை வென்றவரின் பெயரையும் சொன்னேன். நோட்டிலஸ் தளபதியின் பெயரையும் சொன்னேன். லஸ்கர்களை மட்டும் ‘லஸ்கர்கள்’ என்று எழுதியிருக்கிறேன். சண்டை விபரங்கள் அவர்களைப் பெயரால் சொல்வதில்லை, எண்ணிக்கையாகத்தான் சொல்கின்றன. கப்பலின் பெயரைக் காப்பாற்ற ஒரு நாடு இவ்வளவு அக்கறைப்படுகிறது. கப்பலில் இருந்த மனிதர்களில் யாருடைய பெயரைக் காப்பாற்றுகிறது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஒப்பந்தங்களும் ஒரு எரிந்த ஊரும்

1828 இல் பீகொக்கை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். 1832 இல் எட்மண்ட் றொபேட்ஸ் என்பவர் அதில் ஏறினார். அமெரிக்க ஜனாதிபதி அவரைத் தூதுவராக அனுப்பியிருந்தார். ஆனால் இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காகக் கப்பல் பதிவில் அவரைக் கப்டனின் எழுத்தர் என்று எழுதினார்கள். 1833 மார்ச்சில் அவர் சியாமுடன், அதாவது இன்றைய தாய்லாந்துடன், ஒப்பந்தம் செய்தார். ஆசிய நாடு ஒன்றுடன் அமெரிக்கா செய்த முதல் ஒப்பந்தம் அது. அதே வருடம் மஸ்கற்றின் சுல்தானுடனும் ஒன்று செய்தார்.

1835 இல் ஒப்பந்தங்களை உறுதிப்படுத்த மீண்டும் அதே கப்பலில் போனபோது, அரேபியக் கரையில் மசிறா தீவுக்குப் பக்கத்தில் பீகொக் பவளப் பாறையில் ஏறிவிட்டது. பீரங்கிகள் பலவற்றைக் கடலில் தள்ளித்தான் கப்பலை மிதக்க வைத்தார்கள். சுல்தான் அந்தப் பீரங்கிகளைக் கடலிலிருந்து எடுப்பித்து, காசு வாங்காமல் திருப்பி அனுப்பினார். பம்பாய், கொழும்பு என்று துறைமுகங்களைத் தொட்டுக்கொண்டு பயணம் கிழக்கே தொடர்ந்தது. றொபேட்ஸ் ஊர் திரும்பவில்லை. 1836 ஜூனில் மக்காவோவில் நோயால் இறந்தார்.

அடுத்த பயணம் அறிவியலுக்காக. 1838 ஒகஸ்டில் சார்ள்ஸ் வில்க்ஸ் தலைமையில் அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பயணம் புறப்பட்டது. அதில் பீகொக்கும் ஒன்று. இப்போது அதன் கப்டன் வில்லியம் ஹட்சன். 1840 ஜனவரியில் அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிகளில் மோதிச் சுக்கான் உடைந்தது. எப்படியோ தப்பிச் சிட்னிக்கு வந்து திருத்தினார்கள்.

1841 ஏப்ரலில் பசிபிக் சமுத்திரத்தின் தபிற்றெயுவா தீவில் பீகொக்கின் மாலுமி ஒருவர் காணாமல் போனார். கொன்றிருப்பார்கள் என்று சந்தேகப்பட்ட கப்பல்காரர் துப்பாக்கிகளுடன் கரைக்கு இறங்கினார்கள். தீவு மக்கள் பலரைக் கொன்றார்கள். ஊற்றிறோவா என்ற ஊரையே எரித்தார்கள். பறவைகளையும் சங்குகளையும் பூக்களையும் சேகரிக்கப் போன கப்பல் அது. அதே பயணத்தில் நடந்ததுதான் இதுவும். அறிவியல் பயணம் என்று படிக்கும்போது இந்த ஊரையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்து, 1841 ஜூலை 18 அன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா ஆறு கடலில் விழும் இடத்தில் பீகொக் மணலில் ஏறியது. அந்த முகத்துவாரம் இன்றும் மாலுமிகள் பயப்படும் இடம். ஆறும் அலையும் மோதுகிற இடத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கப்பலில் இருந்த எல்லோரும் படகுகளில் உயிர் தப்பினார்கள். கப்பல் துண்டு துண்டாகியது. சேகரித்து வைத்திருந்த மாதிரிகள் பல கடலோடு போயின.

இன்று வரைபடத்தில் வொஷிங்ரன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பீகொக் ஸ்பிற்’ என்று எழுதியிருக்கும். அந்த மணல்திட்டுக்குக் கப்பலின் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பல் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் சினூக் மக்கள். இங்கிலாந்தில் கட்டிய ஒரு கப்பலுக்கு வைத்த பெயர், தென் அமெரிக்கக் கரையில் கைமாறி, பூமியைச் சுற்றி வந்து, கடைசியில் சினூக் மக்களின் கரையில் நிலைத்துவிட்டது.

மயில் பெயர் மாறிய நாள்

பிரித்தானியா தோற்ற கப்பலின் பெயரை வெட்கப்பட்டு ஒதுக்கிவிடவில்லை. அந்தக் கடற்படையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய கப்பலின் பெயரைப் புதுக் கப்பலுக்கு வைப்பார்கள். பழைய கப்பல் வென்ற சண்டைகளின் கௌரவமும் பெயரோடு சேர்ந்து புதுக் கப்பலுக்கு வரும்.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டிய ஒரு வகைக் கப்பல்களுக்கு ‘கறுப்பு அன்னம்’ வகை என்று பெயர். ஸ்ராலிங், றென், மக்பை என்று அதிலும் பறவைகள் நிறைய. 1943 டிசெம்பரில் ஒரு பீகொக்கும் தண்ணீரில் இறங்கியது. ஆர்க்டிக் கடல் வழியாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் பொருள் கொண்டுபோன கப்பல் கூட்டங்களுக்கு அது காவல் போனது. அதே வகையில் ஆறு கப்பல்களை அப்போதைய இந்தியக் கடற்படைக்கும் கட்டினார்கள். அவற்றுக்குப் பறவைப் பெயர் இல்லை, நதிகளின் பெயர்கள். சட்லெஜ், யமுனா, நர்மதா, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி. மயிலும் காவிரியும் ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள்! 1947 இல் நாடு பிரிந்தபோது இந்த ஆறு நதிகளும் பிரிந்தன. நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்குப் போயின. அங்கே அவற்றின் பெயர்கள் மாறின. காவிரி இந்தியாவில் இருந்தது.

கடைசியாக ஒரு பீகொக். 1980 களில் ஹொங்கொங் கடலைக் காவல் காக்க ஐந்து ரோந்துக் கப்பல்களைப் பிரித்தானியா கட்டியது. பீகொக், புளவர், ஸ்ராலிங், சுவலோ, சுவிஃப்ற். ஐந்தும் பறவைகள். செலவில் முக்கால் பங்கை ஹொங்கொங் அரசு கொடுத்தது. கடத்தல்காரர்களைப் பிடிப்பதும், இரவில் படகுகளில் களவாக வந்து இறங்குகிறவர்களைத் தடுப்பதும் அவற்றின் வேலை. நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் கடல் தாண்டியும் எல்லை தாண்டியும் வந்தவர்கள். சின்னப் படகில் இருட்டில் வருகிறவனுக்கு, எதிரே விளக்குப் போட்டுக்கொண்டு வரும் கப்பலின் பெயர் மயில் என்பது எந்த வகையிலும் ஆறுதல் தராது.

சுவலோவும் சுவிஃப்றும் 1988 இல் அயர்லாந்துக்கு விற்கப்பட்டன. அங்கே ஓர்லா, கியாரா என்ற ஐரிஷ் பெண் பெயர்களைப் பெற்றன. 1997 ஜூலை 1 அன்று ஹொங்கொங் சீனாவிடம் கைமாறியது. பீகொக் உட்பட மற்ற மூன்றும் பிலிப்பைன்ஸுக்குப் போயின. அங்கே பீகொக்கின் பெயர் ‘எமிலியோ ஹசிந்தோ’ ஆனது. ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராகப் போராடி 1899 இல் இளவயதிலேயே இறந்த புரட்சியாளரின் பெயர் அது.

அமெரிக்கர்கள் செய்ததற்கு நேர் எதிரான செயல் இது. அவர்கள் வென்ற கப்பல் கடலின் அடியில் கிடந்தபோதும் அதன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் கப்பலை எடுத்துக்கொண்டு, பெயரை விட்டுவிட்டது. முன்னூறு வருடத்துக்கு மேல் ஸ்பெயினின் கீழும், பிறகு அமெரிக்காவின் கீழும் இருந்த நாடு அது. ஒரு பேரரசின் பறவையைவிடத் தன் நாட்டின் ஒரு மனிதன் அதற்கு முக்கியமாக இருந்தான். எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

திரும்பவும் கோயிலுக்கு

தோற்ற எதிரியை ஏன் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டோம். கந்தபுராணத்தில் சூரன் மயிலானபோது அவனுடைய பகை போய்விட்டது. முருகனைக் கும்பிடும்போது நாம் மயிலையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம். தோற்றவனுக்கும் அங்கே ஒரு இடம் இருக்கிறது.

கப்பல்களின் கதையில் அந்த அளவு கருணை இல்லை. பெயரை எடுத்தார்கள், பதக்கம் கொடுத்தார்கள், அடுத்த சண்டைக்குப் போனார்கள். ஆனால் ஒரே ஒரு மாலைப்பொழுதில், டெமராராவுக்கு வெளியே, தாழ்ந்துகொண்டிருந்த கப்பலுக்குள் எதிரியும் எதிரியும் சேர்ந்து நின்று தண்ணீர் இறைத்தார்கள். அங்கே இறந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் மற்றக் கப்பலிலிருந்து காப்பாற்ற வந்தவர்கள். புதுக் கப்பலுக்குப் பெயர் வைத்தவர்கள் நினைவில் வைக்க விரும்பியது வெற்றியை. பெயரைச் சொல்லும்போது நாம் அந்த மாலையையும் நினைக்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அடுத்த சூரன்போருக்குப் போகும்போது மயிலை ஒருதரம் நன்றாகப் பாருங்கள். ஒரு தெருவிலோ, துறைமுகத்திலோ, வரைபடத்திலோ வேறொரு நாட்டுப் பெயரைப் பார்த்தால், அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று தேடிப் பாருங்கள். தேடும்போது சுந்தா நீரிணையில் செத்த லஸ்கர்களைப் போல, பெயரே எழுதப்படாத யாரோ சிலர் நிச்சயம் எதிர்ப்படுவார்கள். அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.